பதினோராவது வேலி

அன்று பின்னேரம் நாலு மணி ஏழு நிமிடத்துக்குக் காரியம் கெடத் தொடங்கியது.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நிமிடத்தில் நான் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருக்கும்போதும் மணிக்கூட்டைப் பார்ப்பது என் பழக்கம். இந்தச் சந்தோஷம் எத்தனை மணிக்கு முடியப்போகிறதோ என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

பழைய சந்தைக் காணியின் நடுவில், வாகை மரத்துக்குக் கீழே, பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்த ஒரு மேசையும் ஒரு கதிரையும். கதிரையில் காணி உத்தியோகத்தர். தம்பிலுவில்காரர். ஊரில் எல்லோரும் அவரைக் காணி ஐயா என்றுதான் சொல்வோம். மேசையில் இரண்டு கொப்பிகள். ஒரு மாதமாக ஊர் முழுக்க அலைந்து நாங்கள் கையெழுத்து வாங்கி நிரப்பியவை. மேசையைச் சுற்றி, அஸர் தொழுதுவிட்டு நேரே வந்த ஆண்கள். கூட்டம் என்று கேள்விப்பட்டுக் கச்சான் கடலை வண்டிக்காரர்கூட வந்துவிட்டார். வறுத்த கச்சானின் வாசம் காற்றில் இருந்தது. ஒரு கலியாண வீட்டின் முற்றத்தில் நிற்பதுபோல இருந்தது எனக்கு.

காணி ஐயா முதலாவது கொப்பியைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தாளையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“மாஸ்டர், இதுல தேவையான ஆக்கள் ஒராளும் இல்லையே” என்றார்.

நாலு ஏழு.

எதற்காக அந்தக் கொப்பிகள்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அப்போது எல்லே விளையாட்டுப் பைத்தியம். அம்பாறையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சிங்கள ஆசிரியர் விதைத்துவிட்டுப் போனது. மூங்கில் கம்பால் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி ஓடவேண்டும். ஓடுகிறவன் மேல் எதிர்ப்பக்கத்தார் பந்தை எறிந்து படவைத்தால் அவன் கதை முடிந்தது. செலவில்லாத விளையாட்டு. ஒரு மூங்கில், ஒரு டென்னிஸ் பந்து, ஓட இடம்.

அந்த இடம்தான் பிரச்சினை. எங்கள் மைதானம் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயல் வட்டையின் ஓரத்தில் இருந்த ஒரு மேட்டு நிலம். மழை பெய்தால் சேறு. அறுவடை முடிந்தால் மாடு. விளையாட்டுப் பார்க்க ஊரிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். ஒரு தடவை பாலமுனைப் பிள்ளைகளோடு நடந்த போட்டியைப் பார்த்தது நானும், நாலு எருமையும், பந்தை விழுங்கப் பார்த்த ஒரு கிடாரிக் கன்றும்தான்.

ஊருக்கு நடுவிலோ பழைய சந்தைக் காணி சும்மா கிடந்தது. சந்தை புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு அது அரசாங்கத்தின் வெறும் மணல் வெளி. ஒரு பக்கம் பஸ் போகும் பெரிய வீதி; அந்தப் பக்கத்தில் பழைய சந்தையின் மதில் இடுப்பளவுக்கு மிச்சம் இருந்தது. இரண்டு பக்கம் கடைகளின் முதுகு. நாலாவது பக்கத்தில் பதினொரு வீடுகளின் பின்வேலிகள்.

மைதானத்தை அங்கே கொண்டுவருவதுதான் எங்கள் எண்ணம். விண்ணப்பம் போட்டோம். அதே காணியைக் கேட்டு, களஞ்சியம் கட்டுவதற்கென்று இன்னொரு விண்ணப்பமும் போயிருந்தது. காணி ஐயா நேரில் வந்து பார்த்து, மறுநாள் காலையில் கோப்பை அம்பாறைக்கு அனுப்ப வேண்டும். “பொதுசனம் உங்கட பக்கம் எண்டு காட்டுங்க மாஸ்டர். முக்கியமா எல்லைக் காணிக்காரர் சம்மதிக்க வேணும்” என்று முன்பே சொல்லியிருந்தார்.

காட்டத்தானே போகிறோம் என்று நானும், கடைத் தெருவில் தையல் கடை வைத்திருந்த உவைஸும் கொப்பியோடு இறங்கினோம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றோம். சலூனில் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு இருந்தவரிடம் வாங்கினோம். உவைஸ் தன் கடைக்கு வந்தவர்களின் அளவெடுத்துவிட்டு, “கையெழுத்துப் போடாட்டி காற்சட்டை ஒரு விரக்கட கட்டையாத்தான் வரும் மச்சான்” என்று பயங்காட்டி வாங்கினான். ஊர் முழுக்க எங்கள் பக்கம்.

ஊர் முழுக்க என்றுதான் நினைத்தோம்.

கையில் பெட்டியோடு வந்தவர்கள்

காணி ஐயா எழுந்து நின்று பதினொரு வேலிகளையும் ஒரு விரலால் காட்டினார்.

“இந்த முதல் வீட்டுக்காரர் ஆர்?”

உவைஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். “நான்தான் ஐயா. முதலாம் பக்கத்துல முதலாவது கையெழுத்தே என்டதான்.”

“நல்லது. காணி ஆர்ர பேர்ல?”

உவைஸ் திரும்பித் தன் வேலியைப் பார்த்தான். “அது… பொஞ்சாதிர பேர்ல.”

“இரண்டாவது வீடு?”

ஒருவர் கையை உயர்த்தினார். “காணி என்ட பொஞ்சாதிர உம்மா குடுத்தது. அவடதான்.”

“மூணாவது?”

“எனக்கும் அப்பிடித்தான் ஐயா.”

நாலாவது வீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் கச்சான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். காணி ஐயாவின் தாளில் பதினொரு பெயர்கள் இருந்தன. பதினொன்றும் பெண்கள்.

இந்தத் தொடரை வெளியூரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையோரத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண் பிறந்த நாளிலிருந்தே தகப்பனும் தாயும் அவளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்வான். நான் வந்தது ஒரு பச்சை ட்ரங்குப் பெட்டியோடு. அதற்குள் மூன்று சாரன், இரண்டு சேட்டு, ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழ். பெட்டி இப்போதும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர் எங்கேயும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு வீட்டில் ஓடு மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வேலி கட்டிய பிறகு, ‘என்ட ஊடு’ என்று நாக்கு பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் அன்று அத்தனை ஆண்களும் வந்து நின்றோம். படித்தவன், மைதானக் குழுவின் செயலாளன், கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன், எனக்கே அது தோன்றவில்லை.

காணி ஐயாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் ஊரிலும் வீடு பெண்களுக்குத்தான் போகும். “மாஸ்டர், என்ட சங்கதியும் இதுதான். நானும் பெட்டியோட போன ஆள்தான்” என்றார். பிறகு முகத்தை உத்தியோகத்தராக்கிக்கொண்டார். “ஆறு மணிக்கு ஜீப் வெளிக்கிடும். அதுக்கு முன்னுக்கு பதினொரு பேரும் இவடத்த வந்து கையெழுத்து வெச்சா, கோப்புல உங்கட பேர் மேல போகும். ஒராள் குறைஞ்சாலும் எனக்கு எழுத ஏலாது.”

ஆண்கள் எல்லோரும் தத்தம் வீட்டுக்கு ஓடினார்கள். அப்படி ஓடுவதை எல்லே விளையாட்டில்கூட நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் ஓடவில்லை. பதினோராவது வேலி என் வேலி. அதாவது, என் மனைவி ஸீனத்தின் வேலி. அவளிடம் போக எனக்குக் கால் வரவில்லை.

ஒன்று குறைந்த நாள்

ஏன் கால் வரவில்லை என்பதைச் சொல்ல, அதற்கு முந்திய வருட மாரிக்குப் போக வேண்டும்.

அந்த வட்டை மைதானத்துக்குப் போகிற வழியில் வாய்க்காலைக் கடக்கத் தென்னங்குற்றிப் பாலம் ஒன்று இருந்தது. இரண்டு குற்றிகள், பிடிக்க ஒரு கயிறு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும்போது எண்ணி அனுப்பி, எண்ணி எடுப்பேன். அன்று விளையாடிவிட்டுத் திரும்பும்போது வாய்க்காலில் தண்ணீர் கூடியிருந்தது. மேலே எங்கோ மழை. தண்ணீரின் நிறம் மாறி, பால்தேத்தண்ணி போல ஓடியது. நட்டிருந்த கம்புகளைக் குனிந்து கட்டிக்கொண்டே, அந்தத் தண்ணீர் இரைச்சலில் ஒவ்வொருவராக அனுப்பினேன். கடைசியாக நான் கடந்து வந்து எண்ணினேன்.

பதின்மூன்று இருக்கவேண்டும். பன்னிரண்டு இருந்தது.

மறுபடியும் எண்ணினேன். என்னுடைய சொந்த மகனைத்தான் காணவில்லை என்பது மூன்றாவது தடவை எண்ணும்போதுதான் விளங்கியது.

ரிஸ்விக்கு அப்போது பதினொரு வயது. எல்லேக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு கடந்திருக்கிறான். கயிற்றைப் பிடிக்கக் கை இல்லை. சறுக்கி விழுந்தவனைத் தண்ணீர் மதகுப் பக்கமாக அள்ளிக்கொண்டு போய்விட்டது. மதகடியில் புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் மூங்கில் கம்பு ஒன்று மிதந்து வருவதைக் கண்டு, நல்ல கம்பாக இருக்கிறதே என்று பிடித்து இழுத்தாராம். கம்பின் மறு முனையில் என் மகன் வந்தான். அவன் கம்பை விடவே இல்லை.

அந்த மனிதர் நாவிதன்வெளிப் பக்கத்தவர். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இருக்கவில்லை. இன்றைக்கும் வகுப்பிலோ, பஸ்ஸிலோ, கலியாண வீட்டிலோ பிள்ளைகள் கூடி நின்றால் என் வாய் தானாக எண்ணத் தொடங்குகிறது. எத்தனை இருக்கவேண்டும் என்று தெரியாவிட்டாலும் எண்ணுகிறேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய பிழை. மகனுக்கு யாரோ ஒருவரின் காய்ந்த சாரனைக் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஸீனத் கேட்டபோது, “மழையில நனஞ்சிட்டான்” என்றேன். அவள் பயந்துபோவாள் என்று மறைத்தேனா, நான் பயந்ததை மறைத்தேனா, இப்போதும் சரியாகத் தெரியாது.

மூன்று நாள் கழித்துக் கிணற்றடியில் வேறொருத்தியின் வாயால் அவள் கேட்டாள்.

அன்று அவள் சத்தம்போடவில்லை. மகனைக் கூப்பிட்டுத் தலையைத் துவட்டினாள். ஈரமே இல்லாத தலையை. “இனி அந்தக் கம்பத் தொடக் கூடாது மனே” என்றாள். அவ்வளவுதான். அவன் ஒரு வருடமாகத் தொடவில்லை. கம்பு கூரை வளையில் சொருகியபடி இருந்தது. படிக்கும்போது அவன் கண் அதன் மேலேயே இருக்கும்.

நான் மைதானத்தை ஊருக்குள் கொண்டுவர அலைந்ததற்கு உண்மையான காரணம் அதுதான். வாய்க்காலைக் கடக்காமல் அவன் விளையாட வேண்டும். இதை ஊரில் எல்லோருக்கும் சொன்னேன். கச்சான் வண்டிக்காரருக்குக்கூடச் சொன்னேன்.

நாலரை மணி, அடுப்படி

ஸீனத் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சந்தைக் காணியில் பேசியதெல்லாம் வேலியைத் தாண்டி வந்திருக்கும். நான் வாசலில் நிழல் விழ நின்றேன். அவள் நிமிரவில்லை.

“எத்தின கையெழுத்து?”

“ரெண்டு கொப்பி.”

“அதுல என்ட இரிக்கா?”

“ஒன்னக் கேக்காதது பிழதான் புள்ள.”

“சலூன்ல கேட்டீங்க. மீன்காரன மறிச்சிக் கேட்டீங்க. அடுப்படிக்கு வர வழி தெரியல்லயா?”

துருவலை சர்சர்ரென்று ஓடியது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

“நேரத்தப் பாக்காதீங்க. என்னப் பாத்துக் கதைங்க.”

“இஞ்ச பாரு ஸீனத், இனி வாய்க்கால் பக்கம் போகத் தேவல்ல. ஊருக்கு நடுவில, கண்ணுக்கு முன்னால…”

“ஆர்ர கண்ணுக்கு முன்னால?”

துருவலை நின்றது. அவள் எழுந்து வந்து அடுப்படியின் பின்கதவைத் தள்ளித் திறந்தாள். எதிரே புதுக் கிடுகு வேலி. ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு ஓட்டைகூட இல்லாமல் நெருக்கிக் கட்டியது.

“இத ஆரு கட்டின?”

“நான்தான். பந்து உள்ளுக்கு வந்து ஒனக்குக் கரச்சல் குடுக்கக் கூடா எண்டு…”

“அண்டைக்கு என்ட புள்ள தண்ணிக்குள்ள போற நேரம் நான் என்ன செஞ்ச தெரியுமா? இவடத்த இரிந்து சம்பல் அரைச்ச. உப்புக் காணாது எண்டு திரும்பவும் உப்புப் போட்டு அரைச்ச. கேள்விப்பட்ட பொறகு மூணு நாள் அந்தச் சம்பல நினைச்சே நான் சோறு தின்னல்ல.”

வெளியே யாரோ “மாஸ்டர்! மாஸ்டர்!” என்று கூப்பிட்டார்கள்.

“போங்க, கூப்பிடுறாங்க” என்றாள். நான் முற்றத்தில் இறங்கும்போது, “மன்னாக் கத்தி எங்க வெச்சீங்க?” என்று கேட்டாள்.

“கிணத்தடியில. ஏன்?”

“வெறகு கொத்த.”

அடுப்புக்குப் பக்கத்தில் கொத்திய விறகு ஓர் அடுக்கு இருந்தது. அதை நான் பார்த்தேன். யோசிக்கவில்லை.

கதீஜா ராத்தாவின் நெல்

என்னைக் கூப்பிட்டது உவைஸ். அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

“மச்சான், ஒருத்தியும் அசையிறாளுகள் இல்ல. பந்து ஓட்டுல விழுமாம். பொடியன்மார் வேலிக்கு மேலால கிணத்தடியப் பாப்பானுகளாம். என்டவ சொல்லுறா, ‘ஒங்களுக்கு விளையாட இடம் வேணுமெண்டா ஒங்கட உம்மாட ஊட்டுக்குப் போங்க’ எண்டு.”

அப்போது நடுவிலிருந்த ஆறாவது வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். கதீஜா ராத்தாவின் குரலைத் தெரியாதவர் எங்கள் தெருவில் இல்லை. நெல் அவித்துக் குத்தி அரிசி விற்கிறவர். கணவர் கத்தாருக்குப் போய் வருடங்களாயிற்று. வீட்டின் ஆணும் பெண்ணும் அவர்தான்.

“மாஸ்டர்! பந்தடிக்கிற எத்தின மணிக்கு?”

“பின்னேரம் அஸருக்குப் பொறகு, ராத்தா.”

“அப்ப காலத்தால?”

“காலத்தால ஒண்டுமில்ல. புள்ளைகள் பள்ளிக்கூடம்.”

வேலிக்குப் பின்னால் சுளகு புடைக்கும் சத்தம் நின்றது.

“ஒண்டுமேயில்ல?”

இந்தக் கடைசிக் கேள்வியின் தொனி வேறாக இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவித்த நெல்லைக் காயப்போட எங்கள் தெருப் பெண்களுக்கு இருந்த ஒரே இடம் பெரிய வீதியின் ஓரம். விடிந்ததும் பாயை விரித்து நெல்லைப் பரப்பிவிட்டு, ஒரு கண்ணை நெல்லிலும் ஒரு கண்ணை வீதியிலும் வைத்திருப்பார்கள். அக்கரைப்பற்று பஸ் வரும். பாயின் ஓரத்தில் சில்லு ஏறும். பஸ்ஸின் பின்னால் கதீஜா ராத்தா சுளகோடு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சாரதி அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஹோர்ன் அடித்தபடியேதான் போவார்.

“காலத்தால நெல்லுக் காயப்போட விடுவீங்களா எண்டு கேளுங்க அந்த ஐயாட்ட.”

நான் காணி ஐயாவைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார்.

“விளையாட்டு மைதானம் எண்டு கிடக்கு. நெல்லுக் காயக் கூடாதெண்டு எவடத்தயும் இல்ல” என்றார்.

“அப்ப எழுதச் செல்லுங்க மாஸ்டர். லுஹர் வரைக்கும் நெல்லு, அஸருக்குப் பொறகு பந்து.”

எழுதினேன். வேலிகளுக்குப் பின்னால் சலசலப்பு எழும்பியது. கதீஜா ராத்தா ஒரு முற்றத்திலிருந்து அடுத்த முற்றத்துக்குப் போவது குரல் நகர்வதிலிருந்து தெரிந்தது. போகப்போக நிபந்தனைகள் வந்தன. முற்றத்தில் பந்து விழுந்தால் வேலி ஏறக் கூடாது. முன்வாசலுக்கு வந்து ஸலாம் சொல்லிக் கேட்க வேண்டும். ஓடு உடைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொன்னால் ஓடுகிறவன் ஓடிய இடத்திலேயே நிற்க வேண்டும். சண்டை பிடித்துக் கெட்ட வார்த்தை பேசுகிறவனின் உம்மாவுக்கு உடனே ஆள் அனுப்ப வேண்டும்.

“மச்சான், கலியாணம் பேசுற மாதிரிக் கிடக்கு” என்றான் உவைஸ் என் காதில்.

“பேசு மச்சான். இந்த முறை குடுக்கிறது மாப்பிள்ளப் பக்கம்.”

எட்டாவது வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், இதற்கும் மைதானத்துக்கும் தொடர்பில்லாத ஒரு நிபந்தனை போட்டது. நாலு மாதமாக ஒழுகுகிற கூரையை மனிசன் இப்போதே ஏறிச் சரிசெய்ய வேண்டுமாம். ஊரே பார்த்திருக்க, அந்த மனிதர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறினார். கீழே கைதட்டல். மேலேயிருந்து அவர் கோபமாக, “கை தட்டாம ஓட்ட எடுத்துத் தாங்கடா!” என்றார்.

பத்து

அஞ்சு மணி கழிந்து அவர்கள் வந்தார்கள்.

ஒழுங்கையைச் சுற்றி, ஒருவர் பின் ஒருவராக. முன்னால் கதீஜா ராத்தா, ஒரு கறுப்புக் குடையோடு. எல்லோரும் முக்காட்டை இழுத்து விட்டிருந்தார்கள். சிலருடைய கையில் பிள்ளை. நின்ற ஆண்கள் தாமாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கைப்பிள்ளைகளை வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் காணியில் கைப்பிள்ளை இல்லாத ஆணைத் தேட வேண்டியிருந்தது. உவைஸின் கையிலிருந்த அவனுடைய மகள் கச்சான் கேட்டு அழுதது.

காணி ஐயா எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார். கதீஜா ராத்தா உட்கார்ந்து, நான் எழுதிய நிபந்தனைகளை எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தார்.

“ஸலாம் சொல்லிக் கேக்கணும் எண்டதுல, சத்தமா எண்டு போடுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

போட்டேன். கையெழுத்து வைத்தார். எழுந்து, வெற்று மணலை ஒரு தடவை கண்ணால் அளந்தார். “இருவது மூட நெல்லுக் காயும்” என்றார் தனக்குள். அவருக்கு அது மைதானம் அல்ல, வெயில் விழுகிற ஒரு பெரிய பாய். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். ஒருத்தி என் பேனையை வாங்கி, முதலில் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, அழகான கையெழுத்தாக வைத்தாள். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள். “பிழ இரிக்கா சேர்?” என்று கேட்டாள். உவைஸின் மனைவி கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“இப்ப செல்லுங்க, ஆர்ர ஊடு?”

“ஒன்ட ஊடு மகாராணி.”

எல்லோரும் சிரித்தார்கள். முக்காடுகளுக்குள்ளும் சிரிப்பு நெளிந்தது. என் வாழ்நாளில் அந்த ஊரை அப்படிச் சிரிக்க நான் பார்த்ததில்லை.

காணி ஐயா எண்ணினார். நானும் வாய்க்குள் எண்ணினேன். பத்து.

“பதினோராவது ஆர்?”

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்களும் என் மேல்.

“மாஸ்டர்ர ஊடுதான் ஐயா” என்றான் உவைஸ், மெதுவாக.

நான் மறுபடியும் எண்ணினேன். பத்து. மூன்றாவது முறை எண்ணினேன். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து. ஒன்று குறைவது எனக்கு ஆகாது. மூடாத பேனையிலிருந்து மை சேட்டில் வடிந்திருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் கண்டேன். எங்கே குறைந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் மூடி வைத்த ஒரு சொல்லில் குறைந்தது. என் கையால் ஓட்டையில்லாமல் கட்டிய வேலிக்குப் பின்னால் குறைந்தது.

“நான் போய்க் கதைக்கட்டா?” என்றார் கதீஜா ராத்தா.

“வேணாம் ராத்தா. அது நான் கதைக்க வேண்டிய கதை.”

சொன்னேனே தவிர, நகரவில்லை. ஆறுக்குப் பத்து நிமிடம். கச்சான் வண்டிக்காரர் விளக்கைக் கொளுத்தினார். ஜீப் சாரதி ஏறி உட்கார்ந்து இயந்திரத்தை முடுக்கினார். காணி ஐயா கொப்பிகளையும் தாள்களையும் ஒன்றாக்கி, கோப்பின் நாடாவை எடுத்தார். கட்டாமல், முடிச்சுப் போடத் தெரியாதவர்போல விரல்களில் சுற்றிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

முதலில் ஜீப்பிலிருந்து வருவதாக நினைத்தேன். சாரதியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. பதினோராவது வேலி ஆடியது. கிடுகுக்கு நடுவே ஒரு கத்தியின் அலகு வெளியே வந்து, உள்ளே போனது. மறுபடியும் வந்தது. நான் இழுத்து இழுத்துக் கட்டிய கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஓர் ஆள் அகலத்துக்குக் கிடுகு மொத்தமாக மணலில் சாய்ந்தது. தூசி எழும்பியது. தூசிக்குப் பின்னால், எங்கள் அடுப்படியின் பின்கதவு முழுவதும் திறந்து கிடந்தது. அடுப்பில் எரிகிற நெருப்புகூட அங்கிருந்து தெரிந்தது.

இரண்டு பக்கமும், வேலியில் கடப்பு என்கிற சிறு வாசல் வைப்பதுபோல, புதிதாக நட்ட கம்புகள். ஒரு பக்கத்துக் கம்பை மண்ணில் இறுக்கி மிதித்தபடி ரிஸ்வி நின்றான். அவன் கையில், கூரை வளையிலிருந்து இறக்கிய எல்லேக் கம்பு.

அவனைத் தாண்டி ஸீனத் வந்தாள். முக்காட்டில் கிடுகுத் தூசி. ஒரு கையில் மன்னாக் கத்தி. ஆண்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். காணி ஐயாவும்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்கு வந்து, கத்தியைக் கோப்புக்குப் பக்கத்தில் பக்குவமாக வைத்துவிட்டு, திரும்பித் தான் வந்த வழியை ஒரு தடவை பார்த்தாள்.

“ஐயா, கடப்பு வெச்சிட்டன். அடுப்படியில இரிந்து பாத்தா இப்ப முழு இடமும் தெரியிது. எவடத்தக் கையெழுத்து வெக்கிற?”